மூன்றாவது பிளக்

புதுச்சத்திரம் தாண்டி ஒரு மைல் போயிருக்கும்போது இன்ஜின் ஓர் அடியை விழுங்கியது.

ஒரே ஓர் அடிதான். வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பதினோரு வருஷமாக அந்தச் சின்ன லாரியை ஓட்டியும் பிரித்தும் பூட்டியும் வந்த அங்கமுத்துவின் காதில் மட்டும், பேசிக்கொண்டே வந்த ஆள் நடுவில் ஒரு சொல்லைத் தவறவிட்டது போல அது பட்டது. நாலு சிலிண்டரும் மாறி மாறி அடித்து வந்த தாளத்தில் ஒரு பள்ளம்; உடனே எல்லாம் பழையபடி. முன்கண்ணாடிக்கு அப்பால் சித்திரை மாதத்து உச்சி வெயிலில் ரோடு சுண்ணாம்பு போல வெளுத்துக் கிடந்தது. இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட சோளக்காடு, கானலில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு மொட்டைக் கரட்டுக் குன்று, ஆளில்லாத வரப்புகள். சூடான எண்ணெய் வாடையும், பின்தட்டில் நனைத்து விரித்திருந்த சாக்குகளின் பழைய வெற்றிலை வாசமும் கலந்து மூக்கில் ஏறின.

அந்தச் சாக்குகளின் மேல்தான் அவன் மகள் வசந்தாமணி படுத்திருந்தாள். வயது ஒன்பது. தலைமாட்டில் அவன் மனைவி பொன்னாயி, வெயில் படாமல் சேலைத் தலைப்பைக் கூரையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் பரமத்தி வேலூர் டாக்டர் பிள்ளையின் நாக்கைக் கரண்டியால் அழுத்திப் பார்த்தார். தொண்டையடைப்பான் என்றார். தொண்டைக்குள் வெள்ளையாக ஒரு தோல் வளர்ந்து மூச்சுக்குழாயை மூடிக்கொண்டு வருகிறது, அதற்கான ஊசி மருந்து சேலம் பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கும், பொழுது சாய்வதற்குள் கொண்டு போய்ச் சேர்த்துவிடு என்றார். சண்டைக் காலம். பெட்ரோல் கூப்பனுக்குத்தான், பஸ் என்று ஒன்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெற்றிலை வியாபாரி வெங்கடாசலம், ஏற்றியிருந்த கூடைகளை அப்படியே இறக்கச் சொல்லிவிட்டு, "லோடு கெடக்குது அங்கமுத்து, நீ கெளம்பு" என்று தன் லாரியைக் கொடுத்து அனுப்பினார்.

மறுபடியும் ஒரு பள்ளம். இந்த முறை இரண்டு அடி சேர்ந்தாற்போல் போயிற்று. ஸ்டியரிங் வழியாக அவன் உள்ளங்கையில் ஒரு சிறு துள்ளல்.

அவன் தலைக்குப் பின்னால், கம்பி வலை போட்ட சின்ன ஜன்னல் வழியாகப் பொன்னாயியின் குரல் வந்தது.

"ஏனுங்க."

"என்ன புள்ள?"

"மூச்சு நடுநடுவால நின்னு நின்னு வருதுங்க."

"கொஞ்ச நேரந்தான். போயிரலாம்."

மிதித்தான். வண்டி வேகம் எடுக்கவில்லை. பத்து அடிக்கு ஒன்று போய்க்கொண்டிருந்தது எட்டுக்கு ஒன்றாயிற்று, பிறகு ஆறுக்கு ஒன்று. ஏதோ ஒரு பிளக் செத்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இப்படியே ஓட்டினால் இருபது மைல் தாங்காது. ராசிபுரம் பிரிவுக்கு இன்னும் மூன்று மைல் இருக்கையில், சாலையோரப் புளியமரத்தின் கந்தலான நிழலில் வண்டியை ஒதுக்கினான். இன்ஜினை அணைக்கவில்லை. மிஸ்ஸிங் எந்தச் சிலிண்டரில் என்பதை ஓடுகிற இன்ஜினில்தான் கண்டுபிடிக்க முடியும்.

பானெட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கினான். அனல் முகத்தில் அறைந்தது. மரப்பிடி போட்ட திருப்புளியை எடுத்து, அதன் முனையை முதல் பிளக்கின் தலையிலும் தண்டை இன்ஜின் இரும்பிலும் படும்படி சாய்த்து வைத்தான். அப்படி வைத்தால் மின்சாரம் பிளக்குக்குள் போகாமல் இரும்பில் இறங்கிவிடும். அந்தச் சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. நீலப் பொறி ஒன்று நாக்கை நீட்டியது. இன்ஜின் தொய்ந்து தள்ளாடியது. நல்ல பிளக். எடுத்தான். இரண்டாவது. அதே தொய்வு. அதுவும் நல்லதுதான்.

மூன்றாவதில் வைத்தான்.

இன்ஜின் பெரிதாகத் தொய்யவில்லை. எப்போதாவது விழுந்து வந்த பள்ளம் இப்போது ஒவ்வொரு சுற்றிலும் விழுந்தது, அவ்வளவுதான். டக், டக், டக், அப்புறம் ஒன்றுமில்லை. இதுதான், என்று நினைத்துக் குனிந்தபோது, பின்தட்டிலிருந்து பொன்னாயி கத்தினாள்.

"அய்யோ, மூச்சு நின்னு போச்சுங்க! சாமி! எம் புள்ளே, கண்ணத் தொற சாமி!"

திருப்புளியைப் போட்டுவிட்டு ஓடினான். அவன் பின்தட்டின் பலகையைப் பிடித்து ஏறுவதற்குள், பிள்ளையின் நெஞ்சு ஒரு தூக்குத் தூக்கி, சீழ்க்கை போன்ற சத்தத்தோடு காற்றை இழுத்தது. உதடு நீலம். கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. கண் அவனைப் பார்த்தது. பார்த்து, அடையாளம் கண்டுகொண்டு, பயத்தோடு அவன் முகத்திலேயே நின்றது.

"வந்துருச்சுங்க," என்று பொன்னாயி அழுதாள். "சீக்கிரம் வண்டிய எடுங்க."

"ஒரு பிளக்கு போச்சு. அத மாத்தாம வண்டி ஏறாது. ஒரு நிமிசம்."

திரும்பி வந்து, மூன்றாவது பிளக்கின் ஒயர் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்கினான். பெட்ரோலில் தண்ணீர் இருக்குமோ என்று கார்புரேட்டரின் அடியைத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பள்ளம் மட்டும் போகவில்லை. அப்போதுதான், வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, காது கொடுத்துக் கேட்டான். இன்ஜினில் ஓர் அடி விழாமல் போகும். அதே நொடியில் பின்னால் அந்தச் சீழ்க்கை அறுந்து போகும். இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சீழ்க்கையும் பிடித்துக்கொள்ளும். பத்து முறை கேட்டான். இருபது முறை கேட்டான். ஒரு முறைகூட மாறவில்லை.

காய்ச்சல்காரப் பிள்ளையோடு வெயிலில் வந்ததில் தனக்கே புத்தி கலங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். திருப்புளியைத் தரையிலிருந்து எடுத்தான். முதல் பிளக்கில் வைத்தான். பின்னால் எதுவும் மாறவில்லை. நாலாவதில் வைத்தான், அங்கேயும் எதுவும் மாறவில்லை. பிறகு மூன்றாவதில், ஈ உட்காருவது போல, தொட்டும் தொடாமலும் வைத்தான்.

"அய்யோ!"

எடுத்தான்.

"ஏனுங்க, அங்க என்னதான் பண்றீங்க? நீங்க அங்க கையி வெக்கறப்பல்லாம் புள்ள துடிக்குது. வேண்டாமுங்க, உட்ருங்க!"

வண்டியை அணைத்துவிட்டு நிதானமாக வேலை பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றி, கை சுவிட்ச் வரை போய், நெருப்பைத் தொட்டதுபோலத் திரும்பி வந்தது. அணைத்தால்?

அப்படியே ஏறி ஓட்டிப் பார்த்தான். நூறு கஜம் போவதற்குள் ஐந்து அடிக்கு ஒன்று போயிற்று. பிறகு ஏறக்குறைய நாலுக்கு ஒன்று. கம்பி வலைக்கு அப்பால் பொன்னாயி, மகள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் தானும் சேர்ந்து இழுத்து, பழக்கிக் கொடுப்பது போல ஊதிக்கொண்டிருந்தாள். ரோட்டில் முன்னும் பின்னும் ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. ஓடிப்போய்க் கூப்பிட ஒரு குடிசைப் புகைகூட இல்லை. வெயில். பறவைகூடக் கத்தவில்லை.

இருபது மைல். மாற்றினால் ஒருவேளை. மாற்றாவிட்டால் இல்லவே இல்லை.

நிறுத்தினான். இன்ஜின் ஓடியது. பானெட்டைத் தூக்கி, கருவிப் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரே மாற்றுப் பிளக்கை எடுத்து மட்கார்டின் மேல் வைத்தான். ஸ்பானரை எடுத்தான். எத்தனை எண்ணுவதற்குள் முடிக்கலாம்? நாற்பது. கை நடுங்காவிட்டால் முப்பது. முப்பது எண்ணும் வரை ஒரு பிள்ளை மூச்சு விடாமல் இருக்க முடியும். காவிரியில் முங்கு நீச்சல் போட்டு அதற்கு மேலும் இருந்திருக்கிறாள் அவள்.

"பொன்னாயி," என்றான். "புள்ளையக் கெட்டியாப் புடிச்சுக்க. நான் சொல்ற வரைக்கும் கத்தாதே."

"என்ன பண்ணப் போறீங்க?"

ஒயரைப் பிடுங்கினான்.

ஒன்று. இரண்டு. பின்னால் அவள் கத்தத் தொடங்கிவிட்டாள். ஸ்பானரை மாட்டினான். பிளக் அசையவில்லை. ஐந்து. ஆறு. முழு எடையையும் போட்டு அழுத்தினான். கிறீச்சென்று இளகியது. பதினொன்று. விரலால் சுழற்றினான், விரல் நுனித் தோல் இரும்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. பதினேழு. பிளக் கையோடு வந்தது.

அது இருந்த ஓட்டை திறந்துகொண்டது.

பிளக் இல்லாத சிலிண்டர் ஓட்டை வழியாகக் காற்றை இழுத்துத் தள்ளும். நூறு முறை கேட்டிருக்கிறான். ஆனால் இந்த ஓட்டை இழுத்த சத்தம் அவனுக்கு வேறு விதமாகத் தெரிந்தது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. ஈரமாக, ஒரு தோலுக்குள் சிக்கிக்கொண்டு, சீழ்க்கையடித்து உள்ளே போகிற காற்று. உள்ளே போயிற்று. பிறகு வெளியே வந்தது.

ப்பா.

வெறும் காற்று.

ப்பா. ப்பா.

சூடாக அவன் மணிக்கட்டில் பட்டது. இருபத்து மூன்று. கை மட்கார்டுக்குப் போயிற்று. புதுப் பிளக் விரலுக்கிடையில் நழுவி மண்ணில் விழுந்தது. முட்டி போட்டுத் தேடினான். புழுதி. எடுத்தான். விழுந்த வேகத்தில் அதன் முனைக் கம்பி வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று. நகத்தால் நெம்பினான். வரவில்லை. திருப்புளி. எங்கே திருப்புளி. நாற்பது.

ப்பா. ப்பா. ப்பா.

"இரு சாமி," என்றான் ஓட்டையிடம். "இரு, இரு."

நாற்பத்தெட்டு. கம்பி விலகியது. பின்னால் பொன்னாயியின் சத்தம் நின்று போயிருந்தது. ஐம்பது. பிளக்கை ஓட்டையின் மேல் கொண்டுபோனான். அந்தக் காற்று அதைத் தள்ளியது. வேண்டாம் என்பது போலத் தள்ளியது. அழுத்திப் பிடித்துத் திருகினான். ப்பா என்றது, மறை ஏற ஏற ப் என்றது, பிறகு அதுவும் இல்லை. ஸ்பானரால் ஒரு சுற்று. எழுபது. ஒயர்.

நாலு சிலிண்டரும் அடித்தன. ஒன்றுகூட விடாமல், மணி மணியாக.

அவனால் பின்னால் போக முடியவில்லை. பானெட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தலைகுனிந்து நின்றான். பொன்னாயி ஏதாவது சொல்ல வேண்டும். சொல்லும்வரை ஒன்றும் நடந்துவிடவில்லை.

"ஏனுங்க," என்றாள் அவள். குரல் மெல்லியதாக, அதிசயம் பார்த்தவள் போல இருந்தது. "வந்து பாருங்க. நல்லா உடுறாளுங்க மூச்சு."

போய்ப் பார்த்தான். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சீழ்க்கை இல்லை, திணறல் இல்லை. சீராக இருந்தது. அங்கமுத்து பலகையில் நெற்றியை வைத்து அழுதான். அழுதுகொண்டே ஓடிப்போய் ஏறி வண்டியை எடுத்தான்.

ராசிபுரம் பிரிவு போயிற்று. வண்டி இத்தனை வருஷத்தில் இப்படி ஓடியதில்லை. சின்ன மேட்டில் ஏறுவதற்கு அவன் மிதித்தபோது பொன்னாயி வலையைத் தட்டினாள்.

"மெதுவாப் போங்க, புள்ளைக்கு இரைக்குது."

காலைத் தளர்த்தினான். இன்ஜின் தணிந்தது.

"ம்... இப்பச் சரியாயிருச்சு."

அதன் பிறகு அவன் மிதிக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு சிறு நெஞ்சு ஓடி வருகிற நாயைப் போல இரைத்தது. விடும்போதெல்லாம் தூங்குகிற பிள்ளையைப் போல அமர்ந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு வந்தால் போதும். எப்படி வந்தால் என்ன. டாக்டர் பார்த்துக்கொள்வார். வேகத்தைக் கூட்டவும் முடியாமல், குறைக்கவும் துணியாமல், ஒரே சீராக, மல்லூரைத் தாண்டினான்.

"காய்ச்சல் உட்டுருச்சுங்க," என்றாள் பொன்னாயி ஒரு முறை. "ஒடம்பெல்லாம் சில்லுனு ஆயிருச்சு."

இன்னொரு முறை, சிரிப்போடு, "கண்ணத் தொறந்துட்டே தூங்குறா பாருங்க."

செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து ரயில் கேட் மூடியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மைல்கூட இல்லை. பொழுது மேற்கே இறங்கி, தண்டவாளம் இரண்டும் மஞ்சளாக மின்னின. அவன் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டு நின்றான். கேட்காரர் கையில் பச்சைக் கொடியைச் சுருட்டியபடி வந்தார். நரைத்த மீசை, காக்கி அரைக்கால் சட்டை.

"பட்டாளத்து வண்டி வருது, கால் மணி ஆவும். இன்ஜின நிப்பாட்டேம்ப்பா, பெட்ரோலு கெடைக்கிற காலமா இது?"

"இல்லைங்க. அணைக்கக் கூடாதுங்க."

கேட்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பின்தட்டுப் பக்கம் நடந்து போனார். பலகைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அங்கேயே நின்றார். பிறகு சத்தமில்லாமல் திரும்பி வந்து, டிரைவர் ஜன்னல் ஓரமாகக் குனிந்தார்.

"ஏம்ப்பா. அந்தப் புள்ள கண்ணுல ஈ உக்காந்திருக்குது."

"தூங்குறாளுங்க."

"கண்ணு முழியிலப்பா. முழி மேலயே நடக்குது. அது இமைக்கல. நெஞ்சு மட்டும் ஆடுதே, அது என்னப்பா?"

அங்கமுத்து இறங்கினான். பின்பக்கம் வந்தான். பொன்னாயி மகளின் தலையை மடியில் வைத்துத் தாலாட்டு போல முனகிக்கொண்டிருந்தாள். சாக்குக்கு வெளியே நீட்டியிருந்த பிள்ளையின் பாதத்தைத் தொட்டான். கல். பெருவிரலை மடக்கிப் பார்த்தான். மடங்கவில்லை. கணுக்கால் மரக்கட்டையாக விறைத்திருந்தது. விறைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. புளியமரத்தைத் தாண்டி நின்று எழுபது எண்ணியதிலிருந்து ஆகியிருந்தது.

நெஞ்சு ஏறியது. இறங்கியது.

பொன்னாயியின் முகத்தைப் பார்த்தான். நாலு நாளாக அவள் முகத்தில் இல்லாத நிம்மதி. அதைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கி, முன்பக்கம் வந்தான். விட்டுவிட வேண்டும். பிள்ளையை விட்டுவிட வேண்டும். எது எப்படியானாலும், இதை நிறுத்த வேண்டும்.

சுவிட்சை அணைத்தான்.

இன்ஜின் ஓடியது.

சுவிட்சைப் போட்டு, மறுபடி அணைத்தான். ஓடியது. பானெட்டைத் திறந்தான். முதல் ஒயரைப் பிடுங்கினான். இரண்டாவதை. கை நின்றது. மூன்றாவதை. நாலாவதை. நாலும் அவன் கையில் செத்த ஓணான்களாகத் தொங்கின. ஓர் அடிகூடக் குறையவில்லை. பெட்ரோல் குழாயின் அடைப்பைத் திருகி மூடினான். கார்புரேட்டரை விரலால் தட்டினான். உள்ளே காலியாக ஒலித்தது. நாலு சிலிண்டரும் அடித்தன. சீராக. அவசரமில்லாமல்.

அவனிடம் அணைப்பதற்கு இனி எதுவுமில்லை.

கேட்காரர் கொடியைப் போட்டுவிட்டுத் தன் அறைப் பக்கம் பின்வாங்கிப் போவதைக் கண்டான். பட்டாளத்து ரயில் வந்தது. பெட்டி பெட்டியாக, நிலம் அதிரக் கடந்து போயிற்று. அந்தப் பேரிரைச்சலுக்கு அடியிலும் இந்தத் தாளம் கேட்டது. ரயில் போன பிறகும் கேட்டது. யாரோ கேட்டைத் தூக்கினார்கள்.

"தொறந்துட்டாங்க," என்று பொன்னாயி கூப்பிட்டாள். "வாங்க, போலாமுங்க. ஏன் நிக்கிறீங்க?"

அவன் ஒயர்களைக் கையில் பிடித்தபடி, வண்டியைச் சுற்றி வந்து நின்றான்.

"புள்ள வாயில என்னமோ மையாட்டம் வருதுங்க, தொடைக்கத் தொடைக்க வருது," என்றாள் அவள் சாதாரணமாக. சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்து, ஏறி இறங்குகிற நெஞ்சின் ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்த உதடுகளிலிருந்து வந்து படிகிற புகைக்கரியை, ஒரு கையால் மகளின் தாடையைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக, வலிக்காமல், துடைத்துக்கொண்டிருந்தாள்.